அந்த ஆணையில் யார் கையெழுத்து?

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போன வாரம் நீ அனுப்பிய நீண்ட செய்தியை மூன்று முறை படித்தேன். போனில் நாலு வரியில் பதில் போடும் விஷயமாக அது தெரியவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதமே பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. வடக்கே ஒரு மாநிலத்தின் உதவித்தொகைத் திட்டத்துக்கு நீங்கள் ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பு செய்கிறீர்கள். ஒவ்வொரு பயனாளிக்கும் அது ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் அவர் சந்தேகத்துக்குரியவர், அடுத்த மாதப் பணம் தானாக நின்றுவிடும். "நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் போடுகிறோம், முடிவெடுப்பது துறைதானே மாமா, இதில் எங்கள் மேல் என்ன தப்பு வரும்?" என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பழக்கம். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1994 என்று நினைவு. தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பிரிவில் இருந்தேன். பணம் அப்போது மணியார்டரில் போகும், தபால்காரர் வீட்டுக்கு வந்து கொடுப்பார். ஒரு கிராமத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கிழவிகள் இருந்தார்கள். கணவர் பெயர்தான் வேறு. அவர்களில் ஒருத்தி இறந்துவிட்டதாக வி.ஏ.ஓ. அறிக்கை வந்தது. மாதக் கடைசி, பட்டுவாடாப் பட்டியல் அன்றைக்கே போயாக வேண்டும். கணவர் பெயரைப் பார்க்காமல் சிவப்பு மையில் ஒரு பெயரை அடித்தேன். பக்கத்தில் 'இறந்துவிட்டார், ரத்து' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். நான் அடித்தது உயிரோடு இருந்தவளின் பெயரை.

நான்கு மாதம் அவள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் மாதம் யாரோ சொல்லி அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா சாமி?" என்று கேட்டாள். பதிவேட்டைப் புரட்டினேன். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம். எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனேன். அவர் அவள் எதிரிலேயே என்னைக் கண்டித்தார். அன்று மாலைக்குள் மறு ஆணை தயாரானது, நிலுவையும் சேர்த்துப் போனது. அந்த நான்கு மாதம் என்ன சாப்பிட்டாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. முப்பது வருஷம் தாண்டியும் அந்தக் கேள்வி என்னிடமே கிடக்கிறது.

அந்தத் தவறு திருந்தியதற்கு என் நல்ல மனசு காரணமில்லை. அவள் நடந்து வந்து சேர ஓர் அலுவலகம் இருந்தது. பதிவேட்டில் தவறு செய்தவனின் அடையாளம் இருந்தது. அவனுக்கு மேலே, அதே நாளில் மாற்றி எழுத அதிகாரமுள்ள ஒருவர் இருந்தார். இவற்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் அவள் செத்தவளாகவே இருந்திருப்பாள். நீ இப்போது செய்வது நான் அன்று செய்த அதே வேலைதான். ஆகவே இந்த மூன்றும் உன் அமைப்பில் எங்கே இருக்கின்றன என்றுதான் நான் தேடுவேன்.

நெதர்லாந்தில் நடந்ததை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் அதைப் படித்தபோது எனக்குப் பல நாள் தூக்கம் கெட்டது. அங்கே வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை அரசு கொடுக்கும். வரித்துறைதான் பட்டுவாடா செய்யும். மோசடியைப் பிடிப்பதற்காக 2013 முதல் விண்ணப்பங்களுக்கு ஆபத்து மதிப்பெண் போடும் ஒரு கணினி மாதிரியைப் பயன்படுத்தினார்கள். தானே கற்றுக்கொள்ளும் வகை, உன்னுடையதைப் போலவே. விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடிமகனா இல்லையா என்பது அது பார்த்த அம்சங்களில் ஒன்று. அதிக மதிப்பெண் வாங்கிய கோப்பு ஓர் அலுவலரிடம் போகும். ஏன் இவ்வளவு மதிப்பெண் என்று இயந்திரம் அந்த அலுவலருக்குச் சொல்லாது. காரணம் தெரியாமல், 'இவர் சந்தேகத்துக்குரியவர்' என்ற முத்திரையோடு வந்த கோப்பைத் திறக்கும் ஊழியர் அதில் எதைத் தேடுவார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் குற்றத்தைத்தான் தேடியிருப்பேன்.

தேடினால் ஏதாவது கிடைக்காமல் போகுமா? ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கும், பெற்றோர் கட்ட வேண்டிய சிறு பங்கில் கொஞ்சம் பாக்கி இருக்கும். அதற்கு அங்கே வைத்திருந்த விதி, கொடுத்த முழுத் தொகையையும் திருப்பி வாங்கு என்பது. ஆயிரக்கணக்கில், பலரிடம் பல்லாயிரக்கணக்கில் யூரோ கேட்டு நோட்டீஸ் போனது. வேண்டுமென்றே ஏமாற்றியவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தவணையில் கட்டவும் அனுமதி கிடைக்கவில்லை. மொரோக்கோ, துருக்கி, சூரினாம் வழிவந்த குடும்பங்கள் இதில் ஏராளம். தாய்மார்கள் வீட்டை இழந்தார்கள், கடனில் மூழ்கினார்கள், குடும்பங்கள் உடைந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்க்கப்பட்டார்கள் என்று அந்த நாட்டின் புள்ளிவிவரத் துறையே பின்னர் கணக்குச் சொன்னது.

எனக்கு மறக்க முடியாதது இன்னொன்று. என் கோப்பை நான் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெற்றோர் கேட்டார்கள். 2019 கடைசியில் சிலருக்குக் கோப்பு கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. உன் வாழ்க்கையைக் குலைத்த ஆணைக்கு என்ன காரணம் என்று கேட்டு, கறுப்புத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதை நினைத்துப் பார். என் மேசைக்கு முன்னால் நின்ற கிழவிக்கு அந்தக் கதி நேரவில்லை. அவளுக்குப் பதிவேட்டைத் திறந்து காட்ட முடிந்தது.

பீட்டர் ஓம்ட்சிக்ட், ரென்ஸ்கெ லைட்டன் என்று இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வருஷக்கணக்கில் விடாமல் கேள்வி கேட்டார்கள். ஒரு பெண் வழக்கறிஞர் ஆரம்பத்திலிருந்தே பெற்றோருக்காகப் போராடினார். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கை கொடுத்தது. அதற்கு வைத்த தலைப்புக்குத் தமிழில் 'முன்பு கண்டிராத அநீதி' என்று பொருள் சொல்லலாம். 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 26,000 பெற்றோர் என்று அப்போது சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் 30,000 யூரோ இழப்பீடு அறிவித்தார்கள். இரட்டைக் குடியுரிமை விவரங்களை அழித்திருக்க வேண்டிய காலம் கடந்தும் 14 லட்சம் பேருடையதை வரித்துறை வைத்திருந்தது என்று கண்டுபிடித்த தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2021 டிசம்பரில் அதற்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

நீ உடனே சொல்வாய், எங்கள் அமைப்பில் மதமோ சாதியோ இல்லை மாமா என்று. நல்லது. ஊர்ப் பெயர் இருக்கிறதா? தெருப் பெயர்? நம் நாட்டில் தெருப் பெயரே சாதிச் சான்றிதழ் மாதிரிதான் என்பது உனக்குத் தெரியாதா? நெதர்லாந்திலேயே 'சிரி' என்ற பெயரில் இன்னோர் அமைப்பு இருந்தது. அரசுத் துறைகளின் தகவல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, யார் மோசடி செய்யக்கூடும் என்று ஊகிக்கும். அதை ஏழைகளும் குடியேறியவர்களும் வாழும் பகுதிகளில் இறக்கினார்கள். 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் நகர நீதிமன்றம், தனிமனித வாழ்க்கைக்கு மதிப்பளிக்கும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-வது பிரிவுக்கு அது முரண் என்று சொல்லி நிறுத்தியது. அந்த அமைப்பு எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

புத்திசாலி இயந்திரம் இருந்தால்தான் இந்த ஆபத்து வரும் என்றும் நினைக்காதே. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டத்தில் இருந்தது வகுத்தல் கணக்கு மட்டுமே. ஒருவருடைய ஆண்டு வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று ஊகித்தார்கள். ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதம் சம்பளம் வாங்கியவரை எடுத்துக்கொள். வேலையில்லாத மாதங்களிலும் அவருக்கு வருமானம் இருந்ததாக அந்தக் கணக்கு காட்டும். நீ ஏமாற்றியிருக்கிறாய், திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும். முன்பு ஓர் ஊழியர் கோப்பைப் பார்த்து அனுப்பிய காலத்தில் வருஷத்துக்கு 20,000 கடிதம். கணினி வந்த பிறகு ஒரே வாரத்தில் அத்தனை போனது. தான் கடன்காரர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கடிதம் வாங்கியவர்தான், பல வருஷம் முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து. பிள்ளை தற்கொலை செய்துகொண்டதற்கு இந்தக் கடிதங்களும் காரணம் என்று தாய்மார்கள் விசாரணை ஆணையத்தில் வந்து சொன்னார்கள். 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் ஆணையம், இந்தத் திட்டம் நியாயமும் இல்லை, சட்டபூர்வமும் இல்லை என்று எழுதியது. சட்டத்துக்கு உட்படாது என்ற சந்தேகம் அதிகாரிகளின் கோப்புகளில் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. அதை வைத்துத் திட்டத்தை நிறுத்தத்தான் ஆள் இல்லை.

நம் நாட்டுக்கு வா. ஹரியானாவில் குடும்ப அடையாள அட்டைத் தரவுகளை வைத்து ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்களில் 102 வயது முதியவர் ஒருவர் இருந்தார். ஆவணத்தில் அவர் இறந்தவர். 2022 செப்டம்பரில் ரோத்தக் நகரத் தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போல் மேளதாளத்தோடு வண்டியில் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஊருக்குக் காட்டினார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே முடியவில்லை. அந்த வயதில் ஒரு மனிதர் தன் உயிரை நிரூபிக்க ஊர்வலம் போக வேண்டியிருந்தது.

உங்கள் கணினி மாதிரி 98 சதவீதம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சம் பயனாளிகள் என்றால் மீதி 2 சதவீதம் 20,000 பேர். நான் தவறாக அடித்தது ஒரு பெயர். என்னைக் கண்டிக்க ஒரு தாசில்தார் இருந்தார். இந்த 20,000 பேரில் தவறாகப் பிடிபட்டவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? 'கணினியில் அப்படித்தான் வருது' என்று கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வார். துறையைக் கேட்டால் நிறுவனம் கொடுத்த மதிப்பெண் என்பார்கள். உங்கள் நிறுவனத்தைக் கேட்டால், நீ எனக்கு எழுதினாயே, அதையே சொல்வார்கள். யார் பெயரும் இல்லாத ஆணை அது. மனித உரிமை என்று பெரிய வார்த்தையில் சொல்வது அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் முதலில் செத்துப்போகிறது.

உன் தோழிகளோடு பேசும்போது, ரோபோக்களுக்கும் ஒருநாள் உரிமை கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பேச்சு வந்ததாகச் சொன்னாய். 2017 அக்டோபரில் சவூதி அரேபியா சோபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தது. அந்த நாட்டுப் பெண்களுக்குக் கார் ஓட்டும் அனுமதி நடைமுறைக்கு வந்தது 2018 ஜூனில்தான். அதே 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம், மிக முன்னேறிய ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற சட்ட நிலை கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் 150-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தீங்குக்கு ரோபோவே பொறுப்பு என்று வைத்துவிட்டால், செய்தவரும் விற்றவரும் பயன்படுத்தியவரும் கையைக் கழுவிவிடுவார்கள் என்பது அவர்களின் கவலைகளில் ஒன்று. நான் அவர்கள் பக்கம். இயந்திரத்துக்கு வலி தெரியுமா என்ற கேள்வி தத்துவக்காரர்களிடம் கொஞ்ச காலம் இருக்கட்டும். மதிப்பெண் வாங்கிய கிழவிக்கு வலி தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உன் படிப்பில் இது வந்திருக்காது. வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எல்லோரும் மனுப் போடும் சட்டமாக மட்டும் நினைக்கிறார்கள். அதன் 4(1)(ஈ) பிரிவைப் படித்துப் பார். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைத் தெரிவிப்பது அரசு அமைப்பின் கடமை, அவர் கேட்காமலேயே. உன் இயந்திரம் காரணம் சொல்லாது என்றால், அதை வைத்து ஆணை போடும் துறை இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றும்? ஐரோப்பாவில் முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்கு உட்படாதிருக்கும் உரிமை அவர்களின் தரவுச் சட்டத்தில் 22-வது பிரிவாக இருக்கிறது. நம்முடைய 2023-ஆம் வருஷத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டது. உங்கள் குழுவில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சட்டத்தில் இல்லாததை அமைப்பைச் செய்கிறவர்கள்தான் சேர்க்க முடியும். அதாவது நீ.

நம் கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மனு வாங்குவதற்கு மனுநீதிச் சோழன் பெயரை வைத்திருந்தார்கள். தேர்க்காலில் கன்று செத்த கதையில் எல்லோரும் ராஜாவின் நீதியைப் பேசுவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தக் கயிறுதான் பெரிதாகப் படும். ஆராய்ச்சி மணியின் கயிறு ஒரு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு படிவம், அதில் ஓ.டி.பி., பதினைந்து நாளில் பதில் வரும் என்று ஒரு செய்தி, இப்படி உங்கள் அமைப்பில் முறையீட்டுக்கு வழி வைத்திருந்தால் அந்தக் கயிறு யாருக்கும் எட்டாது. பயனாளிகளுடைய மொழியில், அவர்கள் நடந்து போகக்கூடிய தூரத்தில், ஓர் ஆள் இருக்க வேண்டும். மதிப்பெண்ணை மீறி மறு ஆணை போட அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். மீறினால் விளக்கம் எழுத வேண்டும் என்றும், மீறாவிட்டால் எதுவும் எழுத வேண்டாம் என்றும் வைத்துவிடாதீர்கள். ஊழியர் எப்போதும் விளக்கம் எழுதத் தேவையில்லாத பக்கமே சாய்வார். நான் முப்பத்திரண்டு வருஷம் பார்த்தது இது.

பணம் தானாக நிற்பதை எப்படியாவது தடுத்துவிடு. சந்தேகம் வந்தால் கள விசாரணைக்குப் போகட்டும். நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதன் பிறகு நிறுத்தட்டும். அதுவரை பணம் போய்க்கொண்டிருந்தால் அரசுக்குச் சில ஆயிரம் ரூபாய் வீணாகலாம், திரும்ப வசூலிக்கவும் வழி உண்டு. ஒருத்தி பட்டினி கிடந்த மாதங்களை எந்த ஆணையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. தவறாகப் பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மாதமும் எண்ணி, அந்த எண்ணிக்கையை வெளியே போடச் சொல். மிச்சப்படுத்திய பணத்தை மட்டும் காட்டும் அறிக்கைக்கு உன் பெயரைக் கொடுக்காதே.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னால் கெட்ட பெயர் வருமே என்று பயப்படுவாய். வரலாம். வேலைக்குப் புதுசு, வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மா உன்னை நம்பியிருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். நீ போனால் அந்த நாற்காலியில் கேள்வியே கேட்காத ஒருவர் வந்து உட்காருவார். ஆனால் ஆட்சேபத்தை வாயால் மட்டும் சொல்லி நிறுத்தாதே. மின்னஞ்சலில் எழுது, தேதியோடு. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் உண்மை வெளியே வந்தபோது, உள்ளே யாரோ சிலர் எப்போதோ எழுதி வைத்திருந்த குறிப்புகளும் சாட்சியாக நின்றன. தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் இரண்டு பேராகச் சொல்லுங்கள்.

உங்கள் கூட்டம் திங்கட்கிழமை என்று எழுதியிருந்தாய். மற்றதெல்லாம் மெல்ல நடக்கட்டும். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடு: பணத்தை நிறுத்தும் ஆணையில் யாருடைய பெயர் இருக்கும்? பதில் என்ன வந்தாலும் எனக்கு எழுது.

அன்புடன்
உன் மாமா